வேர்ட்பிரஸ் பின்னூட்டங்களை ஏபிஐ வழியாக நீக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்களுக்கென்று ஒரு சின்ன இணையதளம் இருக்கிறது. வேர்ட்பிரஸில் ஓடுகிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மறைந்த எங்கள் கணக்கு ஆசிரியரைப் பற்றி அதில் ஒரு பதிவு உண்டு. பதிவு என்னவோ பத்து வரிதான். அதன் கீழே மாணவர்கள் எழுதிய பின்னூட்டங்கள்தான் பெரிது. யாருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார், யாருடைய வீட்டுக்கு நடந்தே வந்து பெற்றோரிடம் பேசினார் என்றெல்லாம் பல வருடங்களாக எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம் தளத்தில் ஸ்பேம், அதாவது விளம்பரக் குப்பைப் பின்னூட்டம், நாலாயிரத்தைத் தாண்டியது. சரி, ஒரேயடியாகக் கழித்துவிடலாம் என்று பைத்தான் நிரல்மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, ஏபிஐ வழியாக (ஒரு நிரல் தளத்தோடு நேரடியாகப் பேசும் வழி அது) ஓடவிட்டேன். அதில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஸ்பேம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆசிரியருக்கு எழுதியவை போய்விட்டன. பேக்கப்பிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்டோம். கடைசி இரண்டு வாரத்தில் வந்தவை கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்று அவருடைய மகள் எழுதியது.

அந்த ஸ்கிரிப்டை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இப்போது அதை எப்படி ஓட்டுகிறேன் என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். அளவுருக்களின் (கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் விவரங்களின்) பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. ஏபிஐ தேவைதானா என்று பாருங்கள்

ஸ்பேம் தொட்டியில் இருப்பதை முழுவதும் கொட்டிவிடுவதுதான் உங்கள் தேவை என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம். நிர்வாகப் பக்கத்தில் ஸ்பேம் பிரிவைத் திறந்தால், மொத்தமாகக் காலி செய்யும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. நூறு இருநூறு பின்னூட்டம் என்றால், திரை விருப்பங்களில் ஒரு பக்கத்துக்கு எத்தனை என்பதைக் கூட்டிக்கொண்டு, டிக் செய்து நீக்கலாம். சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் பாதுகாப்பான வழி) வழியாகப் போக முடிந்தவர்களுக்கு, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ இன்னும் வேகம்.

ஏபிஐ எப்போது உதவும்? உங்களிடம் சர்வர் அனுமதி இல்லை, ஆனால் ஒரு விதிப்படி பொறுக்கி நீக்க வேண்டும். குறிப்பிட்ட தேதிகளுக்கு நடுவில் வந்தவை, ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்தவை, ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டவை என்று. அப்படியானால் தொடர்ந்து படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று. தளத்தில் அகிஸ்மெட் என்ற ஸ்பேம் வடிகட்டும் பிளகின் (கூடுதல் செருகுநிரல்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பேம் தொட்டியில் இருப்பவற்றை அது வழக்கமாக 15 நாளில் தானாகவே நிரந்தரமாக அழித்துவிடும். "தொட்டியில் நல்லது ஏதாவது சிக்கியிருக்கிறதா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது.

2. பேக்கப்: எதை எடுப்பது, எதை நம்பக் கூடாது

இந்தப் படியில் அவசரப்படவே வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நிர்வாகப் பக்கத்தில் உள்ள ஏற்றுமதி வசதியைத்தான் பேக்கப் என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வரும், பின்னூட்டங்களும் இருக்கும். ஆனால் ஸ்பேம் என்று குறிக்கப்பட்டவை அதில் வராது. தவறுதலாக ஸ்பேமில் மாட்டிக்கொண்ட ஒரு நல்ல பின்னூட்டத்தை நீக்கிவிட்டால், அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அதை மீட்க முடியாது.

ஏபிஐயிலேயே எல்லாப் பின்னூட்டங்களையும் இறக்கி ஜேசான் என்ற தரவு வடிவக் கோப்பாக வைத்துக்கொள்வதும் பாதிப் பேக்கப்தான். நிரந்தரமாக அழித்த பின்னூட்டத்தை ஏபிஐ வழியாக அதே எண்ணோடு மறுபடி உருவாக்க முடியாது, புது எண்தான் கிடைக்கும். அந்தப் பின்னூட்டத்துக்கென்று யாராவது பகிர்ந்த நேரடி இணைப்பு அதோடு செத்துவிடும். அதற்குப் பதில் எழுதியவர்களின் தொடர்பும் கையால் ஒட்டினால்தான் உண்டு.

நம்பக்கூடியது டேட்டாபேஸ் பேக்கப். ஹோஸ்டிங் பலகையில், டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஹெச்பிமைஅட்மினைத் திறந்து இரண்டு அட்டவணைகளை ஏற்றுமதி செய்யுங்கள்: கமென்ட்ஸ், கமென்ட்மெட்டா. பெயருக்கு முன்னால் டபிள்யூபி என்ற முன்னொட்டு இருக்கும். சில தளங்களில் அது வேறாக இருக்கலாம். முடிந்தால் முழு டேட்டாபேஸையும் தனியாக எடுத்து வையுங்கள். சில ஆயிரம் பின்னூட்டங்கள் என்றால் சில எம்பிதான் வரும். ஐந்து பத்து நிமிட வேலை.

ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் பேக்கப் எடுக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டபோதுதான் தெரிந்தது, என் திட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். அதை மீட்டுத் தரவும் தனிக் கட்டணம் கேட்டார்கள். நீங்கள் இப்போதே மூன்று கேள்விகளை அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி பேக்கப் எந்தத் தேதி? மீட்கக் கட்டணம் உண்டா? இரண்டு அட்டவணைகளை மட்டும் மீட்டுத் தர முடியுமா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். முழு டேட்டாபேஸையும் பழைய தேதிக்குத் திருப்பினால், அதற்குப் பிறகு எழுதிய பதிவுகளும் காணாமல் போகும்.

பேக்கப் கோப்பில் எழுதியவர்களின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் இருக்கும். அதைப் பொதுவில் பகிர்ந்த கூகுள் டிரைவ் கோப்புறையில் போடாதீர்கள். வேலை முடிந்து இத்தனை நாளில் அழிப்பேன் என்று ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. தனிக் கணக்கும் அப்ளிகேஷன் பாஸ்வேர்டும்

உங்கள் அட்மின் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே கூடாது. வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பிலிருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்டு என்ற வசதி உள்ளேயே வருகிறது. பிளகின் தேவையில்லை, காசும் இல்லை.

இந்த வேலைக்கென்று எடிட்டர் நிலையில் ஒரு புதுப் பயனரை உருவாக்குங்கள். பின்னூட்டங்களை நிர்வகிக்க அந்த நிலை போதும், அட்மின் வேண்டாம். அந்தப் பயனரின் சுயவிவரப் பக்கத்தில் கீழே போனால் அப்ளிகேஷன் பாஸ்வேர்டு பகுதி இருக்கும். ஒரு பெயர் கொடுத்து உருவாக்கினால் 24 எழுத்துகள் நான்கு நான்காகப் பிரிந்து திரையில் வரும். ஒரே ஒரு முறைதான் காட்டும். உடனே ஒரு பாஸ்வேர்டு மேலாளரில் சேமித்துக்கொள்ளுங்கள். தளம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் (பாதுகாப்பான இணைப்பில்) ஓடவில்லை என்றால் இந்தப் பகுதியே பொதுவாகத் தெரியாது. முதலில் எஸ்எஸ்எல் சான்றிதழைப் போடுங்கள்.

இங்கே பலரும் தடுமாறுகிற இடங்கள் உண்டு. ஸ்கிரிப்டில் பயனர்பெயராகக் கொடுக்க வேண்டியது அந்தக் கணக்கின் பயனர்பெயரை. பாஸ்வேர்டுக்கு நீங்கள் வைத்த பெயரைக் கொடுத்தால் 401 பிழைதான் (உள்நுழைவு ஏற்கப்படவில்லை என்று பொருள்) வரும். எல்லாம் சரியாக இருந்தும் 401 வந்தால், கருவிகள் பிரிவில் உள்ள சைட் ஹெல்த் பக்கத்தைப் பாருங்கள். சில சர்வர்கள், பாஸ்வேர்டைக் கொண்டுபோகும் ஆத்தரைசேஷன் என்ற தலைப்பு வரியை வேர்ட்பிரஸ் வரைக்கும் வரவிடாமல் வழியிலேயே உரித்துவிடும். அப்படி இருந்தால் அந்தப் பக்கமே சொல்லிவிடும். பெர்மாலிங்க் (பதிவுகளின் நிரந்தர முகவரி) அமைப்புக்குப் போய் எதையும் மாற்றாமல் ஒரு முறை சேமித்தால், அபாச்சி என்ற மென்பொருளில் ஓடும் சர்வர்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதுவும் இல்லை என்றால், பாதுகாப்புப் பிளகின் எதுவும் இந்த வசதியை முடக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இந்தப் பாஸ்வேர்டுக்குத் தனியாக எல்லை வகுக்க முடியாது. அந்தப் பயனருக்கு உள்ள அத்தனை அதிகாரமும் இதற்கும் உண்டு. எடிட்டர் என்றால் பதிவுகளையும் நீக்கலாம். எனவே ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்துப் படிக்கச் செய்யுங்கள். அந்தக் கோப்பு கிட்ஹப் மாதிரி நிரல் பகிரும் தளத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பட்டியல் எடுங்கள், இன்னும் எதையும் நீக்காதீர்கள்

பட்டியல் எடுப்பதும் நீக்குவதும் இரண்டு தனித்தனி ஸ்கிரிப்டாக இருக்கட்டும். முதலாவது படிக்க மட்டும் செய்யும். தகவலைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் கெட் கோரிக்கையைத் தவிர வேறு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

நான் விட்ட சொல் இங்கேதான். அதன் பெயர் ஸ்டேட்டஸ். பின்னூட்டப் பட்டியலைக் கேட்கும்போது ஸ்டேட்டஸ் என்ன என்று சொல்லாவிட்டால், வேர்ட்பிரஸ் பிழை காட்டாது. அங்கீகரிக்கப்பட்ட பின்னூட்டங்களை, அதாவது வாசகர்கள் எழுதித் தளத்தில் வெளியானவற்றை, அமைதியாகக் கொடுத்துவிடும். ஸ்பேம் வேண்டும் என்றால் ஸ்டேட்டஸ் ஸ்பேம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. வந்த ஒவ்வொரு பின்னூட்டத்திலும் ஸ்டேட்டஸ் நிஜமாகவே ஸ்பேம்தானா என்று ஸ்கிரிப்ட் சோதித்து, ஒன்று மாறியிருந்தாலும் நின்றுவிட வேண்டும். இந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் பின்னூட்டங்கள் பிழைத்திருக்கும்.

இன்னும் சில அளவுருக்கள். பெர்_பேஜ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை என்பது) சொல்லாவிட்டால் பத்துதான் வரும், அதிகபட்சம் 100. மொத்தம் எத்தனை, எத்தனை பக்கம் என்பது பதிலின் தலைப்பு வரிகளில் வரும். அந்த மொத்தத்தையும் நிர்வாகப் பக்கம் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். கான்டெக்ஸ்ட் எடிட் என்று கேட்டால்தான் மின்னஞ்சலும் ஐபியும் வரும். பிங்பேக், டிராக்பேக் (வேறு தளம் உங்கள் பதிவுக்கு இணைப்புத் தந்ததை அறிவிப்பவை) இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு டைப் என்ற அளவுருவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டு எண்களும் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் பதற வேண்டாம், வித்தியாசம் பிங்பேக்தானா என்று பாருங்கள்.

4,200 பின்னூட்டம் இருந்தால் 42 கோரிக்கைகள். ஓரிரு நிமிடத்தில் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

5. பட்டியலை ஒரு மனிதர் படிக்க வேண்டும்

பின்னூட்ட எண், தேதி, எழுதியவர், எந்தப் பதிவு, ஸ்டேட்டஸ், உள்ளடக்கம் என்று, அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக எழுதுங்கள். எக்ஸெலில் திறந்தால் தமிழ் எல்லாம் விசித்திரக் குறிகளாகத் தெரிகிறதா? கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில்தான் இருக்கிறது என்று எக்ஸெலுக்குத் தெரியவில்லை. பைத்தானில் எழுதும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், சரியாகத் திறக்கும். சிதைந்து தெரிகிற பட்டியலை வைத்துக்கொண்டு எது ஸ்பேம் என்று முடிவு செய்ய முடியாது. தமிழ்ப் பின்னூட்டங்கள்தான் அதில் குப்பை மாதிரி தெரியும்.

விதி எழுதும்போதும் நம் மொழிக்கென்று ஒரு பொறி இருக்கிறது. "ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள பின்னூட்டம் எல்லாம் ஸ்பேம்" என்று ஒரு விதி போட்டால் ரொம்ப வசதியாகத் தெரியும். ஆனால் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இல்லாத எத்தனையோ பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எங்கள் தளத்தில் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் பலர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் வைத்துவிடுங்கள். ஒரு ஸ்பேம் கூடுதலாக இருந்தால் தளத்துக்கு எதுவும் ஆகாது.

கடைசியில் ‘முடிவு’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, நீக்க வேண்டியவற்றுக்கு மட்டும் நீங்களே ‘நீக்கு’ என்று எழுதுங்கள். வெற்றாக இருந்தால் நீக்காதே என்று பொருள். தளம் இன்னொருவருடையது என்றால் இந்தக் கோப்பை அவருக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முழுப் பட்டியலையும் படிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் எடுத்தன. பதினோரு நல்ல பின்னூட்டங்கள் ஸ்பேமில் கிடந்தன.

6. ஒன்றை நீக்கி, ஒன்றை மீட்டுப் பாருங்கள்

சோதனைக்கென்று நீங்களே ஒரு பின்னூட்டம் போடுங்கள். அதை டெலீட் கோரிக்கையால் நீக்குங்கள். ஃபோர்ஸ் என்ற அளவுருவைச் சேர்க்காதீர்கள். அது இல்லாமல் நீக்கினால் பின்னூட்டம் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஃபோர்ஸ் ட்ரூ என்று கொடுத்தால் தொட்டிக்கே போகாமல் நிரந்தரமாக அழியும். எங்கள் பின்னூட்டங்கள் போன விதம் அதுதான். எங்கிருந்தோ எடுத்த ஒரு மாதிரி வரியில் அது இருந்தது, என்னவென்று பார்க்காமல் ஒட்டிவிட்டேன்.

இப்போது அதை மீட்டெடுங்கள். அதே எண்ணுக்கு போஸ்ட் (மாற்றத்தை அனுப்பும்) கோரிக்கையில் ஸ்டேட்டஸ் அன்டிராஷ் என்று அனுப்பினால், தொட்டிக்குப் போகும் முன் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பும். திரும்பியதைத் தளத்தில் கண்ணால் பாருங்கள். இது நடக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இந்தச் சோதனையில் 501 பிழை வரலாம். தளத்தின் அமைப்புக் கோப்பில் குப்பையை வைத்திருக்கும் நாள்களைப் பூஜ்யம் என்று யாரோ போட்டிருக்கிறார்கள், தொட்டியே இல்லை என்று அர்த்தம். அந்தப் பிழைச் செய்தியே "ஃபோர்ஸ் ட்ரூ போட்டு நீக்குங்கள்" என்று வழிகாட்டும். அதைக் கேட்காதீர்கள். அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை 30 ஆக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். வேர்ட்பிரஸில் இயல்பாக இருக்கும் எண்ணும் 30 தான்.

7. நீக்கும் ஓட்டம்

இரண்டாவது ஸ்கிரிப்ட் உங்கள் சிஎஸ்வி கோப்பில் உள்ள எண்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏபிஐயிடம் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டே நீக்கினால் கணக்குத் தப்பும். முதல் பக்கத்தின் நூறையும் நீக்கியதும் இரண்டாம் பக்கத்தில் இருந்தவை முதல் பக்கத்துக்கு ஏறிவிடும்; நீங்கள் இரண்டாம் பக்கம் கேட்கும்போது நூறு விடுபட்டிருக்கும்.

சும்மா ஓட்டினால் எதையும் நீக்காமல், எதை நீக்கப் போகிறது என்று மட்டும் சொல்லட்டும். நிஜமாக நீக்க ஒரு தனிச் சொல்லைச் சேர்த்து அடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு ஓட்டத்தில் ஐம்பதுக்கு மேல் நீக்காது என்று உச்சவரம்பும் போடுங்கள். முதல் ஐம்பது சரியாகப் போன பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் நீக்கும் முன் அந்த எண்ணை மறுபடி ஒரு முறை படித்து, ஸ்டேட்டஸும் உள்ளடக்கமும் பட்டியலில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பட்டியல் எடுத்ததற்கும் நீக்குவதற்கும் நடுவில் வேறொருவர் அதை ஸ்பேமிலிருந்து எடுத்து வெளியிட்டிருக்கலாம். மாறியிருந்தால் தாண்டிப் போகட்டும்.

நொடிக்கு ஒன்று என்ற வேகம் போதும். 4,200 பின்னூட்டத்துக்கு 70 நிமிடம். நீக்கும் முன் படிப்பதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் இதைவிட வேகமாக அடித்தால் பாதுகாப்புச் சுவர் உங்கள் ஐபியை மூடிவிடும், தளமும் தள்ளாடும். எங்கள் தளத்துக்கு ஆள் வராத விடிகாலை நேரத்தில் ஓட்டினேன்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் தரும் பதில் எண்கள்: 200 என்றால் முடிந்தது. 410 என்றால் அது ஏற்கெனவே குப்பைத்தொட்டியில் இருக்கிறது, 404 என்றால் அந்த எண்ணில் பின்னூட்டமே இல்லை. இந்த இரண்டையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், பதிவேட்டில் குறித்துவிட்டு மேலே போகலாம். பாதியில் இணையம் அறுந்து, நீங்கள் மறுபடி ஓட்டும்போது 410 சகஜமாக வரும். முன்பு அனுப்பிய கோரிக்கை சர்வரில் நிறைவேறியிருக்கும், பதில்தான் உங்களுக்கு வந்திருக்காது. 401, 403 (அனுமதி இல்லை), 429 (கோரிக்கைகள் மிக அதிகம்), ஐந்நூறில் தொடங்கும் எண்கள் (சர்வர் பிழை) வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும், தானாக மறுபடி முயலக் கூடாது.

நேரம், பின்னூட்ட எண், பழைய ஸ்டேட்டஸ், பதில் எண் நான்கையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மீட்க வேண்டி வந்தால் அந்தப் பதிவேடுதான் கைகொடுக்கும்.

8. முப்பது நாள் பொறுங்கள்

குப்பைத்தொட்டிக்குப் போனவை 30 நாளுக்குப் பிறகு தாமாக அழியும். நீங்கள் ஃபோர்ஸ் போட்டு அவசரப்படுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை. 15ஆம் நாளில் ஒரு முறை தொட்டியைப் புரட்டிப் பாருங்கள். யாராவது "என் பின்னூட்டத்தைக் காணோம்" என்று கேட்டால் அப்போதும் நேரம் இருக்கும்.

நிரந்தர நீக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். ஒரு பின்னூட்டம் அழிந்தால், அதற்கு வந்த பதில்கள் ஒரு படி மேலே ஏறிவிடும். "ஆமாம், அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்" என்ற பதில், எதற்கு என்று தெரியாமல் தனியாக நிற்கும். எனவே பதில்கள் உள்ள பின்னூட்டங்களைப் பட்டியலிலேயே தனியாகக் குறித்து, அந்தப் பதில்களையும் படித்த பிறகே முடிவெடுங்கள்.

9. அடுத்தவருக்கு எழுதி வையுங்கள்

கருவியோடு ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஓட்டப்போகிற உங்களுக்கும் அது தேவைப்படும். என் குறிப்பில் முதல் வரியே, இந்தக் கருவி எதை நீக்கும், எதை ஒருபோதும் நீக்காது என்பதுதான். அதன் கீழே மீட்கும் முறை. நீக்கும் முறை அதற்கும் கீழேதான் வருகிறது, பதற்றத்தோடு திறப்பவருக்கு மீட்கும் முறைதான் முதலில் கண்ணில் பட வேண்டும். பேக்கப் எங்கே இருக்கிறது, எந்தத் தேதி, ஹோஸ்டிங் உதவிப் பிரிவை எப்படிப் பிடிப்பது, பதில் எண்களுக்கு என்ன அர்த்தம், கடைசியாக எந்த வேர்ட்பிரஸ் பதிப்பில் சோதித்தது என்பதும் இருக்கின்றன. மாதிரி வரி ஒன்றிலும் ஃபோர்ஸ் இல்லை. பார்க்காமல் எடுத்து ஒட்டுகிறவர் நிச்சயம் வருவார்.

வேலை முடிந்த அன்றே அப்ளிகேஷன் பாஸ்வேர்டை ரத்து செய்துவிடுங்கள். சுயவிவரப் பக்கத்தில் அதன் பெயருக்கு எதிரே கடைசியாகப் பயன்பட்ட தேதியும் ஐபியும் தெரியும். அவை உங்களுடையவைதானா என்று பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். அந்த எடிட்டர் கணக்கைச் சந்தாதாரர் நிலைக்கு இறக்கிவிடலாம். முப்பத்தோராம் நாள் தொட்டியைத் திறந்து பாருங்கள். ஆள் வராத தளங்களில் தானியங்கி வேலைகள் தாமதமாக ஓடும், ஒன்றிரண்டு நாள் கூடுதலாக இருந்தால் கவலை இல்லை. அது காலியான பிறகு பேக்கப் கோப்பை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து, குறித்த தேதியில் அழியுங்கள்.